தாய்மாமன் கேட்ட வெள்ளை லென்ஸ்

அன்று உத்திரமேரூர் ஏரிக்கரையில் இருந்தவர்கள் ஆறு பேர். கல்யாணப் பெண். அவளைக் கட்டிக்கொள்ளப் போகிற பையன். பெண்ணின் அம்மா. அந்த அம்மாவின் தம்பி, அதாவது பெண்ணுக்குத் தாய்மாமன். வீடியோ எடுக்க வந்த தம்பி. போட்டோ எடுக்க நான். ஏழாவதாக ஒரு ஆள் கிடையாது. கரைக்குக் கீழே மேய்ந்துகொண்டிருந்த இரண்டு எருமைகளையும் சேர்த்துக்கொண்டால்கூட, தாய்மாமன் இப்போது ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிற கணக்கு வராது.

"பத்து பேரு பாத்துகினு கீறாங்க, அந்தப் பொம்பள கோட்டை வுட்டுடுச்சு" என்று சொல்கிறாராம். எந்தப் பத்துப் பேர்? பெயர் சொல்லட்டும். அதனால்தான் முதலில் ஆளை எண்ணிச் சொல்கிறேன்.

எனக்குப் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூடியோ. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, இதே கடையில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வெட்டிக்கொடுக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளி கடையை விட்டுப் போனபோது வாடகைக்கு நானே எடுத்துக்கொண்டேன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாம் எடுக்கிறேன். கவலைப்படாமல் ஒரு வேலைக்கும் போனதில்லை. பேட்டரி ஏறியிருக்கிறதா என்று பார்த்துப் பையை மூடுவேன், திரும்பத் திறந்து பார்ப்பேன், வண்டியில் ஏறிய பிறகு மடியில் வைத்து இன்னொரு முறை திறப்பேன். "உள்ள பாம்பா வச்சிகினு கீற?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். கேட்கட்டும். கல்யாணத்தில் தாலி ஒரு தடவைதான் ஏறும். பேட்டரி போச்சு, திரும்பக் கட்டுங்கள் என்று சொல்ல முடியுமா?

தாய்மாமன் காவாந்தண்டலத்துக்காரர். நெல் தரகு பார்க்கிறவர். ஐப்பசிக் கடைசியில், மழை விட்டிருந்த ஒரு மதியம் கடைக்குள் வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. கண்ணாடி அலமாரியைக் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"உன்னாண்ட இன்னா கேமரா கீதும்மா?"

எடுத்துக் காட்டினேன்.

"மஞ்சப் பட்டையா?" முகம் சுருங்கியது. "சேப்பு வளையம் இல்லியா?"

எங்கள் பக்கத்தில் கேமரா கம்பெனிக்குப் பெயர் அதன் நிறம்தான். தோள்பட்டை வாரில் மஞ்சளாக எழுதியிருப்பது ஒருத்தன். உசத்தி லென்ஸின் வாயில் சிவப்பாக ஒரு வளையம் போடுவது இன்னொருத்தன். அந்த இரண்டாவது ஆளின் பெரிய லென்ஸ்கள் வெள்ளை நிறத்தில் இருக்கும்.

"போன வருசம் என் பங்காளி பொண்ணு கல்யாணத்துக்கு மெட்ராஸ்லேர்ந்து ஒருத்தன் வந்தான். வெள்ள லென்ஸு. இவ்ளோ நீளம்." முழங்கையிலிருந்து விரல் நுனி வரை தொட்டுக் காட்டினார். "ஏரில நாரை எயும்புது, முன்னாடி ஜோடி நிக்குது. ஒவ்வொரு நாரையும் ஆட்டுக்குட்டி சைஸு. அத்த நாலடிக்கு பிரேம் போட்டு ஹால்ல மாட்டிகினு கீறான். போறவன் வர்றவனையெல்லாம் உக்கார வச்சி காட்றான்."

"நம்ம லென்ஸ்லயே நல்லா வரும்ணா. ஜோடி முகத்துக்கு இந்த ஐம்பது எம்எம் லென்ஸே போதும்." என் சின்னக் கறுப்பு லென்ஸை எடுத்து மேசையில் வைத்தேன்.

அதைக் கையில்கூட எடுக்கவில்லை. "இன்னாது இது, ஊறுகா பாட்டிலு மூடி மாதிரி கீது?"

அந்த ஊறுகாய் பாட்டில் மூடியில்தான் இந்தத் தாலுகாவில் பாதிக் கல்யாணம் பதிவாகியிருக்கிறது. வாய் வரை வந்ததை விழுங்கினேன். தை மாதத்துக்கு அதுவரை எனக்கு வேறு ஒரு ஆர்டரும் வரவில்லை.

எந்தக் கேமரா நல்லது என்று கேட்பவர்கள் எல்லோருமே செல்போனில் யாரோ பேசியதைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அதில் பேசுகிறவன் பனிமலையில் நின்று, வெள்ளைக்காரப் பெண்ணை நிறுத்தி, இரண்டு கம்பெனிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இது கூர்மை, அது மொக்கை என்கிறான். அவனைப் பதினோரு மணி வெயிலில் எங்கள் அறுத்த வயல் வரப்பில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். எதிரே மாநிறத்துக்கும் கொஞ்சம் கீழான நிறத்தில் ஒரு பெண்ணை, அரக்குப் பட்டுச் சேலையில், ஒரு சாண் ஜரிகையோடு நிறுத்த வேண்டும். முகத்துக்கு வெளிச்சம் வைத்தால் ஜரிகை எரிந்து வெள்ளையாகிவிடும். ஜரிகைக்கு வைத்தால் முகம் இருட்டு. சேலைச் சிவப்பு மடிப்பே தெரியாமல் ஒரே குழம்பாகக் கொட்டிக் கிடக்கும். இதில் மஞ்சள் பட்டை என்ன செய்கிறது, சிவப்பு வளையம் என்ன செய்கிறது என்று எவனாவது சொல்லியிருக்கிறானா? நான் பார்த்தவரை இல்லை.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். சிவப்பு வளையத்தில் முகம் கொஞ்சம் ரோஸாக விழும். பெண் வீட்டாருக்கு அது பிடிக்கும். மஞ்சள் பட்டையில் நிழலுக்குள் இருக்கிறதை அப்புறம் இழுத்து வெளியே கொண்டுவர முடியும். எனக்கு அது பிடிக்கும், ஏனென்றால் எடுக்கும்போது பதற்றத்தில் நான் செய்கிற பாதித் தப்பைக் கடையில் உட்கார்ந்து சரிசெய்துகொள்ளலாம். மற்றபடி இரண்டும் பனியில் நனைந்தால் துடைக்கத்தான் வேண்டும், புழுதியில் வைத்தால் அடைக்கத்தான் செய்யும். இரண்டையும் சென்னைக்கு எடுத்துக்கொண்டு போனால்தான் ரிப்பேர். ஆனால் ஒன்று இருக்கிறது. ஒருத்தன் லென்ஸ் இன்னொருத்தன் கேமராவில் மாட்டாது. வெள்ளை லென்ஸ் வேண்டும் என்றால் அதன் கேமராவையும் சேர்த்து எடுக்க வேண்டும்.

இதைத் தாய்மாமனிடம் சொன்னேன்.

"எடு. வாடகை எவ்ளோ?"

"ரெண்டும் சேர்த்து நாலாயிரத்து ஐநூறு ஆவும்ணா."

"தனியா தரேன். மொத்தம் எயுபதாயிரம், லென்ஸ் காசு தனி. போதுமா?" இருபதாயிரம் முன்பணம் எண்ணி வைத்தார். பணத்தைப் பார்த்ததும் எனக்குப் பயம் கொஞ்சம் குறைந்தது. அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றியதும் அவர் எழுந்து நின்றார். இரண்டு பக்கத்துச் சொந்தமும் இருந்தது, பங்காளி வீட்டாரும் இருந்தார்கள். "போட்டோ, வீடியோ மொத்தமும் தாய்மாமன் சீரு. வெள்ள லென்ஸு வருது" என்று அறிவித்தார். சீர் என்றால் தட்டில் தேங்காய், பழம், சேலை, மோதிரம் வைப்பார்கள். லென்ஸைச் சீரில் சேர்த்துச் சொன்ன ஆளை அன்றுதான் பார்த்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் ஒரு மூலையில் நின்று தட்டினேன், மண்டையில் உறைக்காமல்.

காஞ்சிபுரத்தில் வாடகைக்குக் கொடுக்கிற கடைக்காரருக்கு நான் தெரிந்த முகம் இல்லை. ஆதாரோடு ஐம்பதாயிரம் கட்டச் சொன்னார். என்னிடம் ஏது? "அப்போ உங்க கேமராவ வச்சிட்டுப் போங்க மேடம், பொருள் வந்ததும் எடுத்துக்குங்க" என்றார். என்னிடம் இருப்பது இரண்டு கேமரா. ஒன்று புதுசு, சீட்டுப் பணத்தில் வாங்கியது. இன்னொன்று ரப்பர் உரிந்து, கிளிக் பண்ணினால் இருமுகிற பழசு. புதுசை அதிலிருந்த ஜூம் லென்ஸோடு அவர் மேசையில் வைத்தேன். பழசும் ஐம்பது லென்ஸும் பையில் இருந்தன.

அன்று சாயங்காலம் வெள்ளை லென்ஸை மாட்டி, எதிர் வீட்டுத் தென்னை மரத்தைக் குறிபார்த்தேன். கழுத்து இழுத்தது. அது போகட்டும். என் ஜூம் லென்ஸில் எந்தப் பக்கம் திருகினால் தூரத்துப் பொருள் கிட்டே வருமோ, இதில் அந்தப் பக்கம் திருகினால் தள்ளிப் போகிறது. இது கம்பெனியின் குறை இல்லை. அவன் வழக்கம் அது, இவன் வழக்கம் இது. ஆனால் என் கை இத்தனை வருஷமாக ஒரே பக்கம் பழகிய கை. தேங்காயை எண்ணி எண்ணித் திருகினேன். வரவரக் கை பழகிவிட்ட மாதிரி இருந்தது. இருட்டியதும் உள்ளே போனேன். மனசு உள்ளே போகவில்லை.

மறுநாள் மார்கழிக் காலை. ஏரி நிறைந்து கிடந்தது. தண்ணீருக்கு மேல் பனி, உள்ளே முள்வேல மரங்கள் தலையை மட்டும் காட்டிக்கொண்டு நின்றன. நாரைகள் அதில் உட்கார்ந்திருந்தன.

"மார்கழில ஜோடிய நிக்க வச்சி படம் எடுக்கலாமாடா?" என்று பெண்ணின் அம்மா தம்பியிடம் முணுமுணுத்தாள்.

"போட்டோதான எடுக்குறாங்க, தாலியா கட்டுறான்? சும்மா இரு யக்கா."

வீடியோத் தம்பி உள்ளே கண்ணாடி இல்லாத, மிரர்லெஸ் என்கிற புது ரகக் கேமரா வைத்திருந்தான். மூன்றாவது கம்பெனி. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். "யக்கா, இது கண்ண அதுவே தேடிப் புடிச்சிக்கும். ரெண்டு சனியனையும் வித்துட்டு இதுக்கு வந்துடு" என்றான்.

"வயல வித்தாதான் வர முடியும். எனக்கு ஏதுடா வயலு?"

தாய்மாமன் என்னைக் கரையின் உள்சரிவில் நிற்க விடவில்லை. அங்கே நின்றால்தான் பின்னால் தண்ணீரும் மரமும் வரும். "மேல வாம்மா, ரோட்டாண்ட நில்லு. பஸ்ல போறவன் பாக்கட்டும்" என்றார். வீடியோத் தம்பியிடம், "இந்தம்மா லென்ஸ் புடிச்சிகினு நிக்கிறத எடு, கல்யாண சிடில வரணும்" என்றார். பெண்ணையும் பையனையும் எடுக்க வந்தவன் பத்து நிமிஷம் என்னையும் அந்த வெள்ளைக் குழாயையும் சுற்றிச் சுற்றி எடுத்தான்.

பிறகு அவர் திட்டம் சொன்னார். நாரைகளை எழுப்ப வெடி வைப்பாராம். "நான் கைய தூக்குவேன், அப்பறம் பத்த வைப்பேன், நீ ரெடியா இரு."

பறவையை வெடி வைத்து எழுப்புவது எனக்குப் பிடிக்கவில்லை. பெண்ணும் "வேணா மாமா" என்றாள். யார் கேட்டது?

அவர் கையைத் தூக்கவில்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். பெண்ணின் கண் மை கலைந்திருந்தது, அவள் முகத்தை லென்ஸில் கிட்டே இழுத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். டமால் என்றது. ஏரி முழுக்க நாரை எழுந்தது. அகலமாக்க வேண்டும். திருகினேன். வளையம் நகரவில்லை. ஏற்கெனவே கடைசி வரை கிட்டே இழுத்திருந்த லென்ஸை மேலும் கிட்டே இழுத்துக்கொண்டிருந்தது என் கை. அது சாதாரணக் கை, மஞ்சள் பட்டைக் கை. தப்பு தெரிந்து எதிர்ப்பக்கம் திருப்புவதற்குள் நாரைகள் தென்னந்தோப்புக்கு மேலே புள்ளிபுள்ளியாகப் போய்விட்டன. கிடைத்த படத்தில் பையனின் பாதிக் காதும், அதற்கு மேல் இரண்டு நீளக் காலும் இருந்தன.

"காட்டு, காட்டு" என்று ஓடிவந்தார். நான் கழுத்திலிருந்து கழற்றுவதற்குள் லென்ஸைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். நான் தடுமாறினேன். மதகுச் சுவரில் லென்ஸ் இடித்தது. வெயில் மறைக்க அதன் முன்னால் மாட்டியிருந்த மூடாக்கு விரிசல் விட்டது, வெள்ளைப் பூச்சில் விரல் நீளத்துக்குக் கோடு விழுந்தது. கறுப்பாக இருந்திருந்தால் மை தடவி மறைத்திருக்கலாம். ஊர் பார்க்க வேண்டும் என்று கேட்ட வெள்ளை, கோட்டையும் ஊர் பார்க்கக் காட்டியது.

அவர் கோட்டைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தார். "இன்னாம்மா இது, காது கீது? இதுக்கா வெள்ள லென்ஸு?"

அழுதுவிடுவேன் என்று பயந்து பையைத் திறந்து பழைய கேமராவை எடுத்தேன். பெண் மதகுப் படியில் உட்கார்ந்து, சேலையில் ஒட்டிய சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பையன் குனிந்து அவளுடைய செருப்பைத் தண்ணீரில் அலசினான். "அய்யய்யோ, யாராவது பாத்துடப் போறாங்க" என்று அவள் அவன் முதுகில் தட்டிச் சிரித்தாள். பனி கலைந்து வெயில் பக்கவாட்டில் வந்தது. அரக்குச் சேலையில் ஒவ்வொரு மடிப்பும் தெரிந்தது. ஊறுகாய் பாட்டில் மூடியில் எடுத்தேன். எடுத்துக்கொண்டே இருந்தேன், கை தானாகவே சரியான பக்கம் போனது.

தை பிறந்து கல்யாணம் நடந்தது. மண்டப வாசலில் பன்னிரண்டடிக்குப் பேனர். எந்தப் படம்? மதகுப் படியில் செருப்பு அலசுகிற படம். தாய்மாமன் செல்போனில் ஸ்டேட்டஸ் வைத்தது எந்தப் படம்? அதே படம். "தாய்மாமன் சீர்" என்று அதன் மேல் தங்க எழுத்து வேறு. அன்று காலை பத்தாயிரம் கொடுத்தார். மீதியை ஆல்பம் வந்ததும் தருவதாகச் சொன்னார். ஆல்பம் வந்தது. "பாத்துட்டு காசு அனுப்பறேன்" என்று வண்டியில் வைத்துக்கொண்டு போனார். ஆல்பத்தை முதலில் கொடுக்கக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அவர் குரலை உயர்த்தினால் நான் கொடுத்துவிடுவேன் என்று அவருக்கும் தெரியும்.

போன் செய்தால் ஒரே கேள்வி. "பறவை எங்க? பறவைக்குதான லென்ஸு?"

பெண்ணின் அப்பாவிடம் போனேன். நல்ல மனுஷர். மோர் கொடுத்தார். "நான் குடுத்துடுவேன்மா. ஆனா சபைல அது தாய்மாமன் சீருன்னு சொல்லிட்டாரு. இப்ப நான் குடுத்தா அவரு மூஞ்சில அடிச்சா மாதிரி ஆயிடும். என் பொண்டாட்டி வூட்ல இருப்பாளா?" என்றார். அவர் சொல்வதும் சரிதான். அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. கொடுக்க நினைக்கிறவர் கொடுக்கக் கூடாது, கொடுக்க வேண்டியவருக்குக் கொடுக்க மனசில்லை. நடுவில் என் கேமரா காஞ்சிபுரத்தில் கிடக்கிறது. மூடாக்கும் பூச்சும் சேர்த்து ஒன்பதாயிரம் கட்டினால்தான் தருவேன் என்கிறார் கடைக்காரர். அவரைக் குறை சொல்ல மாட்டேன், பொருள் அவருடையது. பங்குனி முகூர்த்தத்துக்கு வந்த ஒரு ஆர்டரை, பழைய கேமரா நடுவில் நின்றுவிடுமோ என்று பயந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

"வாய வுட்டு கேளுடி. எதிர் வூட்டு நாய்க்கே பயந்துகினு சுத்திகினு போற" என்று வீட்டுக்காரர் திட்டினார்.

போன வாரம் கடைக்கு ஒருவர் வந்தார். காவாந்தண்டலத்திலிருந்து வருவதாகச் சொன்னார். தாய்மாமனின் பங்காளி. நாலடிக்கு நாரைப் படம் மாட்டியிருக்கிறவர். வைகாசியில் இரண்டாவது பெண்ணுக்குக் கல்யாணமாம்.

"அந்த மதகாண்ட எடுத்தியே, செருப்பு அலசறது, அத்த எங்க வூட்ல எல்லாரும் சொல்லிகினே கீறாங்க. எங்களுக்கும் நீதான் எடுக்கணும்" என்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரே ஒரு நிமிஷம்.

"அத்த எடுத்தது அந்த வெள்ள லென்ஸ்தான? வீடியோல பாத்தேன், தூக்கிகினு நின்ன. எங்களுக்கு அதவிட பெருசா எடுத்துகினு வா."

அலமாரியிலிருந்து ஐம்பதை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "இதுலதாண்ணா எடுத்தேன்."

சிரித்தார். "காசு ஏறும்னு பயப்படாதம்மா. நாங்க அவன மாதிரி இல்ல."

கோபம் அப்போதுதான் வாய்க்கு வந்தது. இத்தனை நாள் எங்கே இருந்ததோ. "அவர மாதிரி இல்லன்னா ரொம்ப நல்லதுண்ணா. அவர் இன்னும் எனக்கு நாற்பத்து நாலாயிரத்து ஐநூறு தரணும். அந்த வெள்ள லென்ஸு வாடகையே இன்னும் தரல" என்றேன். பங்காளியின் முகத்தில் வந்த வெளிச்சம் இருக்கிறதே, அதை எந்தக் கம்பெனி லென்ஸிலும் பிடிக்க முடியாது. வந்த வேலையை மறந்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலமே போன்.

"எம் பங்காளியாண்ட போயி இன்னா சொன்ன நீ?"

"நான் எங்கயும் போவல. அவரு வந்தாரு. சொன்னேன்."

"இன்னான்னு?"

"நீங்க தர வேண்டிய காசு எவ்ளோன்னு."

"வெள்ள லென்ஸுக்கு வாடகை தரலன்னு சொன்னியா இல்லியா?"

"சொன்னேன். தரலியேண்ணா."

கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார், போனை வைத்தார். இந்தத் தடவை நான் கடையை மூடிக்கொண்டு உள்ளே போகவில்லை. வெளியே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் செல்போனில் பணம் வந்த சத்தம் கேட்டது. நாலாயிரத்து ஐநூறு. கூடவே ஒரு செய்தி: "லென்ஸ் வாடகை தீந்தது. யார்கிட்டயும் லென்ஸுக்கு பாக்கின்னு சொல்லாத."

லென்ஸ் மானம் காப்பாற்றப்பட்டது. அந்த லென்ஸைத் தூக்கியவள், இரண்டு நாள் கல்யாணத்தில் நின்றவள், ஆல்பம் போட்டவள், அவளுக்கு என்ன? காஞ்சிபுரத்துக்காரர் கேட்கிற ஒன்பதாயிரத்துக்கு இது பாதிதான், கேமரா இன்னும் அவர் அலமாரியில்தான் இருக்கிறது. யார்கிட்டயும் சொல்லாதே என்று அவர் சொன்னது லென்ஸைப் பற்றி மட்டும்தான். மற்றதை எல்லோரிடமும் சொல்கிறேன். தாய்மாமன் இன்னும் தர வேண்டியது நாற்பதாயிரம் ரூபாய்.